குழந்தை உள்ளம் கண்ட அம்மையார்

குழந்தையைப் பெற்றவர் பலர். பேணி வளர்த்தவர் பலர். கொஞ்சி மகிழ்ந்தவர் பலர். ஆயின், குழந்தை எதனை விரும்புகின்றது, எதனைக் கண்டு மகிழ்கின்றது, எவ்வாறு கற்கின்றது, தன்னைச் சூழ்ந்தவரோடு எவ்வாறு ஒன்றுபடுகின்றது என்பவற்றைப் பொறுமையோடு அருகிருந்து நோக்கி அறிந்தவர் மிகச் சிலரே. விளையாட்டு வேறு, கல்வி வேறு. முன்னது குழந்தைக்கு இனிப்பது, பின்னது கசப்பது. ஆகவே கல்வியைப் புகட்டப் பரிசும் தண்டனையும் வேண்டும் என்று பெரியோர் நெடுங்காலம் கருதி வந்தனர். அக்கருத்து உண்மைதானா என்று குழந்தைகளிடமே விடை தேடியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலி நாட்டின் கீழ்க்கடற்கரைப் பகுதியில் அங்கோனா என்னும் நகரத்திற்கு அருகே கியாரவாலே என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ, அரசாங்க நிதித்துறையில் அலுவலர். பழைய மரபுகளில் பற்றுடையவர். தாயார் ரெனில்தே, நூல் பல கற்றவர். பெண்கள் கல்வி பெறுதல் வேண்டும் என்னும் கொள்கையுடையவர். அவர்களுக்கு மரியா ஒரே மகள். 1875ஆம் ஆண்டில் அக்குடும்பம் தலைநகராகிய ரோமாபுரியில் குடியேறிற்று.

மரியா கணக்கில் மிக்க ஆர்வம் காட்டினார். பதின்மூன்றாம் வயதில், ஆண் பிள்ளைகளே பெரும்பாலும் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியியல் கற்க வேண்டும் என்பது அவருடைய முதல் விருப்பம். பெண்களுக்கு அக்காலத்தில் ஏற்றதெனக் கருதப்பட்ட பணி ஆசிரியப் பணி ஒன்றே. அதனை மேற்கொள்ளுமாறு பெற்றோர் கூறிய பொழுது அவர் உறுதியாக மறுத்துவிட்டார். உலகுக்கே ஆசிரியராகத் திகழவிருந்தவர், இளமையில் ஆசிரியர் ஆக மாட்டேன் என்று மறுத்தது வியப்புக்குரியதே.

பின்னர் அவருடைய உள்ளம் மருத்துவத்தை நாடியது. தந்தையார் அதனை விரும்பவில்லை. தாயாரோ துணை நின்றார். 1890ஆம் ஆண்டில் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதலில் இயற்கை அறிவியல் பாடங்களைக் கற்றுத் தேர்ந்து, அதன்பின் மருத்துவ வகுப்பில் இடம் பெற்றார். அங்கே உடன் பயின்ற ஆடவர் பலர் அவரை ஏளனம் செய்தனர். பிணத்தை அறுத்து உறுப்புகளை அறியும் பயிற்சியை ஆடவரோடு கூடியிருந்து பெண் ஒருத்தி செய்தல் தகாது என்று கருதப்பட்டது. ஆதலின், வகுப்பு முடிந்து யாவரும் சென்ற பிறகு, உயிரற்ற உடல்களுக்கிடையே அவர் தனித்திருந்து அப்பயிற்சியைச் செய்ய நேர்ந்தது. அத்தனிமையும் அச்சமும் அவரைத் தளர்த்தவில்லை. 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணிகளுள் ஒருவரானார். அவ்வாண்டிலேயே பெர்லின் நகரில் கூடிய உலக மகளிர் மாநாட்டிற்கு இத்தாலியின் சார்பில் சென்று, ஒத்த வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த ஊதியம் தரல் வேண்டும் என்று வாதாடினார்.

பட்டம் பெற்றபின் அவர் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அதன் பொருட்டு ரோமாபுரியில் இருந்த மனநோய் விடுதிகளுக்குச் சென்று வருவது வழக்கம். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அக்காலத்தில் அவ்விடுதிகளிலேயே அடைத்து வைத்திருந்தனர். ஒரு விடுதியில், வெறும் சுவர்களைத் தவிர வேறொன்றும் இல்லாத அறையில் சில குழந்தைகள் இருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினர். அவர்களைக் காத்து வந்த பெண் அதனைப் பேராசை என்று கருதி வெறுத்தாள். மாண்டிசோரி அம்மையார் உற்று நோக்கினார். தொட்டுப் பார்க்கவும் கையால் இயக்கவும் அக்குழந்தைகளுக்கு அவ்வறையில் வேறு பொருளே இல்லை. அவர்கள் பசித்திருந்தது வயிற்றால் அன்று, கையாலும் அறிவாலும் என்பது அவருக்குப் புலனாயிற்று.

இக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தன்று, கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் அவருக்கு முன்னரே இத்துறையில் உழைத்து நூல்கள் எழுதியிருந்தனர். அந்நூல்களைத் தேடிப் பெற்று இத்தாலிய மொழியில் பெயர்த்து, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் ஆழ்ந்து உணரும் பொருட்டுத் தம் கையாலேயே முழுதும் எழுதினார். 1900ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளுக்காகவும், அவர்களைப் பயிற்றும் ஆசிரியர்களுக்காகவும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. மருத்துவர் மொந்தெசானோவும் மாண்டிசோரி அம்மையாரும் அதன் தலைவர்கள் ஆயினர். பகலெல்லாம் குழந்தைகளோடு இருப்பதும், இரவில் தாம் கண்டவற்றைக் குறித்து வைப்பதும் அம்மையாரின் வாழ்க்கை ஆயின. அறிவற்றவர் என்று ஒதுக்கப்பட்ட அக்குழந்தைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய குழந்தைகளுக்குரிய தேர்விலேயே வெற்றி பெற்றனர். கண்டவர் அம்மையாரைப் பாராட்டினர். அவரோ வேறொன்றை எண்ணிக் கவலையுற்றார். குறையுடைய குழந்தைகள் இவ்வளவு உயர முடியுமாயின், குறையற்ற குழந்தைகளை அவர்களோடு ஒப்பிடும் அளவிலேயே நிறுத்தி வைத்திருப்பது எது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

இக்காலத்தே அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரும் நிகழ்ந்தது. மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டில் மாரியோ என்னும் மகன் பிறந்தான். அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத பெண் தாயானாள் என்பதை அக்காலச் சமூகம் பொறுத்துக்கொள்ளாது. செய்தி வெளிப்படின் அவருடைய பணி அனைத்தும் அன்றே முடிந்திருக்கும். ஆதலின், குழந்தையை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளருமாறு விட்டனர். அம்மையார் அவ்வப்பொழுது சென்று மகனைக் கண்டு வருவார். தாமே தாய் என்று சொல்ல மட்டும் இயலாது. பிறர் குழந்தைகளின் வளர்ச்சியை நாள்தோறும் கண்டு குறிப்பெழுதியவர், தம் குழந்தையின் வளர்ச்சியைக் காணாமலே பல்லாண்டு கழித்தார். 1901ஆம் ஆண்டில் அப்பள்ளியை விட்டு நீங்கி, மீண்டும் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து தத்துவமும் மனவியலும் மானிடவியலும் கற்றார்.

தம் வினாவுக்கு விடை காணும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டில் வந்தது. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த பாழ்பட்ட வீடுகளைத் திருத்தியமைத்துத் தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கெடுத்தனர். அவர்களை ஓரிடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்பதே நிறுவனத்தாரின் நோக்கம். அப்பொறுப்பினை அம்மையார் விரும்பி ஏற்றார். ஜனவரித் திங்கள் 6ஆம் நாள், ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளுடன் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் மூன்று வயது முதல் ஆறு வயது வரையினர்; அழுத முகத்தினர்; புதியவரைக் கண்டு அஞ்சியவர்.

ஆசிரியப் பயிற்சி பெறாத இளம்பெண் ஒருத்தியை அம்மையார் அங்கே அமர்த்தினார். குழந்தைகளை வற்புறுத்தாமலும், அவர்கள் செய்வதில் குறுக்கிடாமலும் இருக்குமாறு பணித்தார். தாம் முன்பு வகுத்த கருவிகளை வைத்தார். செல்வர் சிலர் அன்பளிப்பாகக் கொடுத்த அழகிய பொம்மைகளையும் அவற்றோடு வைத்தார். பின் அமர்ந்து நோக்கினார். அவர் கண்டவை பெரியோர் எண்ணத்திற்கு முற்றிலும் மாறாக இருந்தன.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, அளவில் வேறுபட்ட மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்திக் கொண்டிருந்தாள். பொருத்தியதும் எடுப்பாள், கலப்பாள், மீண்டும் பொருத்துவாள். அம்மையார் அவளை இருக்கையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். சிறுமி உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். ஏனைய குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார். அப்பொழுதும் அவள் தலை நிமிரவில்லை. 40 முறைக்கு மேல் அவ்வாறு செய்து, எவரும் சொல்லாமல் தானே நிறுத்தினாள். களைப்பு என்பது சிறிதும் இன்றி, நன்கு உறங்கி எழுந்தவள்போல முகம் மலர்ந்து சுற்றிலும் நோக்கினாள். மனம் ஒன்றிச் செய்யும் வேலை குழந்தைக்கு உழைப்பாகத் தோன்றுவதில்லை, அதுவே ஓய்வும் இன்பமும் ஆகின்றது என்னும் உண்மையை அம்மையார் அன்று கண்டார்.

ஒருநாள் ஆசிரியை காலந் தாழ்த்து வந்தாள். முந்தின நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தாள். அவள் வருமுன் குழந்தைகள் தமக்கு வேண்டிய பொருள்களைத் தாமே எடுத்து வேலையில் அமர்ந்துவிட்டனர். இதனைத் திருட்டு என்று ஆசிரியை நினைத்தாள். தெரிந்தெடுக்கும் அறிவு என்று அம்மையார் உணர்ந்தார். அன்றுமுதல் பூட்டிய அலமாரிகள் நீங்கின. குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த பலகைகள் வந்தன. குழந்தைகள் தெரிந்தெடுத்தவற்றை அவர் குறித்துக்கொண்டே வந்தார். விலையுயர்ந்த பொம்மைகளை அவர்கள் பெரும்பாலும் தீண்டவில்லை. பரிசாகத் தந்த பதக்கங்களையும் பொருட்படுத்தவில்லை. இனிப்புப் பண்டங்கள் கொடுத்தபொழுதும் அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர் உண்டு.

குழந்தைகளுக்கும் பிறருக்கும் உள்ள உறவினையும் அவர் ஆராய்ந்தார். ஒருமுறை, ஓசையின்றி மூக்கைச் சிந்தும் முறையை நகைச்சுவையாகக் கற்பித்தார். குழந்தைகள் சிரிக்கவில்லை, ஊன்றிக் கேட்டு, முடிந்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தனர். அவர் வியந்து சிந்தித்தார். மூக்கொழுகுவதற்காக எந்நேரமும் ஏச்சுப் பெற்ற அச்சிறுவர்களுக்கு, இழிவுபடுத்தாமல் அதனைக் கற்றுக் கொடுத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. குழந்தைக்கும் மானம் உண்டு. அதனை மதிப்பவரிடமே அது மனம் திறக்கும் என்பதை அவர் தெளிந்தார். வயதில் மூத்த குழந்தைகள் இளையவர்க்கு ஏவாமலே உதவினர். இல்லத்தில் கற்ற தூய்மையை வீட்டிற்கும் கொண்டு சென்றனர். பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மாரும் வீட்டைத் திருத்திக்கொண்டனர்.

எழுதப் படிக்கத் தெரியாத அத்தாய்மாருள் சிலர் அம்மையாரிடம் வந்து, தம் மக்களுக்கு எழுத்துக் கற்பிக்குமாறு வேண்டினர். அத்துணைச் சிறு வயதில் எழுத்து வேண்டுவதில்லை என்றே அம்மையார் முதலில் எண்ணியிருந்தார். தாய்மாரின் வேண்டுகோளை மறுக்க மனமின்றி, உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் அவற்றை விரலால் தடவி ஒலியைக் கற்றனர். டிசம்பர்த் திங்களில் வெயில் இனிது எறித்த ஒருநாள், மேல்மாடியில் குழந்தைகளோடு அமர்ந்திருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டி கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான், அவர் பாராட்டினார். சிறுவன் அவரை நோக்கிப் புன்முறுவல் பூத்து, ஒரு கணம் தயங்கி, தனக்கு எழுதத் தெரியும் என்று கூவினான். தரையில் மண்டியிட்டுக் கை என்னும் சொல்லையும், புகைபோக்கி என்னும் சொல்லையும், கூரை என்னும் சொல்லையும் தன் மொழியில் எழுதினான். அவனைக் கண்டு ஏனைய குழந்தைகளும் ஓடி வந்து எழுதத் தொடங்கினர். எழுதுகோல் பிடித்து எழுதுமாறு அவர்களை ஒருவரும் பயிற்றவில்லை. கை முன்னரே பழகியிருந்தது. உள்ளம் முன்னரே நிறைந்திருந்தது. காலம் கனிந்ததும் எழுத்து மலர்ந்தது.

இச்செய்தி நாடெங்கும் பரவியது. 1909ஆம் ஆண்டில் அம்மையார் தம் முறையை விளக்கி நூல் வெளியிட்டார். 1912ஆம் ஆண்டில் அது ஆங்கிலத்தில் வந்தது. விரைவில் வேறு பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவருடைய தாயார் மறைந்தார். அதன்பின் அவர் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சுவதை விட்டு, பதினைந்து வயதை எட்டிய தம் மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். இறுதிவரை மாரியோ அவருக்குத் துணையாக இருந்து, அவர் பணிக்கு வலக்கையாக விளங்கினார். ஆயினும், வெளியார்க்கு அவர் உறவினர் என்றே அறிமுகம் செய்யப்பட்டார்.

1915ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், கண்ணாடிச் சுவர்களால் ஆன வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. வெளியே மக்கள் திரண்டு நின்று வேடிக்கை பார்த்தனர். உள்ளே குழந்தைகள் அவர்களைப் பொருட்படுத்தாது தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர். புகழோடு மறுப்பும் வந்தது. அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக் 1914ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, அம்மையாரின் முறையில் கற்பனை விளையாட்டுக்கும் குழந்தைகள் கூடிச் செய்யும் செயலுக்கும் போதிய இடமில்லை என்று குறை கூறினார். அமெரிக்காவில் அம்முறையின் செல்வாக்குச் சில காலம் குன்றிற்று. அம்மையார் தளராது பல நாடுகளிலும் ஆசிரியர்களைப் பயிற்றி வந்தார்.

இத்தாலியை ஆண்ட முசோலினி முதலில் அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு அளித்தான். குழந்தைகளைப் போர்வீரர்போல அணிவகுத்து நிறுத்த விரும்பிய அவ்வாட்சிக்கும், தாமே சிந்திக்கும் மனிதரை வளர்க்க விரும்பிய அம்மையாருக்கும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. 1934ஆம் ஆண்டில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் தாய்நாட்டை விட்டு நீங்கினார். இட்லரின் ஆட்சியில் செருமனியிலும் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1936ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதால் அங்கிருந்தும் வெளியேறி, ஆலந்து நாட்டை அடைந்தார்.

1939ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அவர்களும், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி அவர்களும் விடுத்த அழைப்பை ஏற்று, அம்மையார் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் 300க்கு மேற்பட்டோர் வந்து பயின்றனர். சில திங்களில் திரும்பிவிடக் கருதி வந்தவர், போரின் காரணமாகப் பல்லாண்டு தங்க நேர்ந்தது. 1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசாங்கம் மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. முதுமையில் மீண்டும் ஒருமுறை மகனைப் பிரிந்தார் அவர். ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவித்து அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. நாற்பதாண்டுக்கு மேல் அவர் வெளிப்படையாக வழங்க இயலாதிருந்த மகன் என்னும் சொல்லை, அயலார் ஆட்சியின் தந்தி எழுதிக் காட்டியது.

கொடைக்கானலிலும் பிற இடங்களிலும் அவர் வகுப்புகள் நடத்தினார். மலையும் மரமும் செடியும் பூச்சியும் நிறைந்த கொடைக்கானலில், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உலகம் முழுவதையும் ஒரு பெருங்கதையாக உணர்த்தும் கல்வியை வகுத்தார். 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் சென்று பயிற்சி அளித்தார். நம் நாட்டுத் தாய்மார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கடைத்தெருவுக்கும் வேலைக்கும் செல்வதை அவர் கூர்ந்து நோக்கினார். தாயோடு செல்லும் குழந்தை, எவரும் கற்பியாமலே பேச்சையும் பழக்கத்தையும் உறவையும் ஒருங்கே உள்வாங்கிக் கொள்கின்றது என்பதை உணர்ந்தார். பிறந்த நாள்முதலே கல்வி தொடங்குகின்றது என்னும் அக்கருத்தை விளக்கும் அவருடைய நூல் 1949ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று. அவர் இந்தியாவில் பயிற்றிய ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்.

போர் முடிந்தபின் அவர் ஐரோப்பா திரும்பினார்; மீண்டும் ஒருமுறை இந்தியா வந்து சென்றார். அமைதிக்குரிய நோபல் பரிசுக்கு அவர் பெயர் மும்முறை முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே திங்கள் 6ஆம் நாள், ஆலந்து நாட்டில் நோர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில், தம் எண்பத்தோராம் வயதில் அவர் உயிர் நீத்தார். தம் இறுதி முறியில் மாரியோவைத் தம் மகன் என்றே குறித்திருந்தார்.

அம்மையார் வகுத்த கருவிகள் இன்று உலகெங்கும் குழந்தைகள் கையில் உள்ளன. எனினும், கருவிகளினும் பெரிது அவர் காட்டிய நெறி. குழந்தைக்கு இன்னது பிடிக்கும், இன்னது பிடிக்காது என்று தாமாக முடிவு செய்யாமல், அருகிருந்து பார்த்து அறிய வேண்டும் என்பதே அந்நெறி. ரொட்டித் துணுக்கைப் பொறுக்கிய குழந்தையிடம் பேராசையைக் கண்டாள் ஒருத்தி. அறிவுப் பசியைக் கண்டார் அம்மையார். பார்க்கப்பட்டது ஒன்றே, பார்த்த கண்கள் வேறு. நம் வீட்டில் வளரும் தம்பி தங்கையர் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து கொண்டிருக்கும்பொழுது, வீண் விளையாட்டு என்று தடுக்குமுன் சற்றே நின்று நோக்குவோமாக. அதுவே அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.